ஆமையை வெளியே வைத்தவர்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாரையோ வெளியே அனுப்பப்போகிறார் என்று அர்த்தம். எட்டு வயதிலிருந்து நான் பார்த்துவந்தது அது.

திருப்பதியில், திருச்சானூர் போகும் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடம். தசரா விடுமுறை. வெளியே பிரம்மோற்சவக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நகர்ந்தது. உள்ளே போட்டிக்கு வந்த சித்தூர், திருப்பதி, வேலூர் பிள்ளைகள் முப்பது பேர். பதினான்கு வயதான என் மகள் முதல் ஆட்டத்துக்கு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே கங்காதர நெல்லூரிலிருந்து வந்த ஒரு பெண். இரண்டு பேர் கையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கேம் பெட்டி. என் போனில் குவைத்திலிருந்து என் கணவர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு.

கண்ணாடியைக் கழற்றியவர், எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"ஆமை வெளிய. மத்தது எதை வேணா எறக்கலாம்."

அவரை எங்கள் தேவாலயச் சபையில் எல்லாரும் அம்பயர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அடக்கத்தன்று ஆளாளுக்கு எழுந்து நின்று, பாரபட்சம் பார்க்காத மனுஷர் என்று சாட்சி சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சித்தூர் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருக்கு ஒரு கடை இருந்தது. நான் பள்ளியில் படிக்கும்போது ரேடியோ ரிப்பேர் பார்த்தார். பிறகு டிவி. ஊருக்குக் கேபிள் வந்ததும் கேபிள். அப்புறம் எஸ்.டி.டி. பூத், இண்டர்நெட் சென்டர், கடைசியில் பிள்ளைகள் ஆடுகிற கேம் சென்டர். ஊருக்குள் புதிதாக எது நுழைந்தாலும் அவர் கடை வழியாகத்தான் நுழைந்தது. ஆனால் அவர் மட்டும் முதல் நாள் பார்த்தபடியே இருந்தார். மணிக்கட்டு வரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, காதில் பேனா, கழுத்தில் விசில். கல்யாண வீட்டுப் பந்திக்கும் அந்த விசிலோடுதான் வருவார். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்கார்ந்தால் யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

கண்ணாடியை ஏன் கழற்றுகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

"மூஞ்சி தெரிஞ்சா மனசு மாறும் பாப்பா" என்றார்.

அதைக் கேட்டு அன்றைக்கு நான் அசந்துபோனேன். இப்போது நினைத்தால் எரிகிறது. முகம் தெரியாமல் தீர்ப்புச் சொல்வதற்கு எதற்கு மனிதன்?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் சபையில் கேரம் போட்டி நடக்கும். ஒரு வருஷம் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த ஒருவர் கனமான வெள்ளை ஸ்ட்ரைக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். தொட்டாலே வழுக்கும். இரண்டு நாள் வந்தவன் போனவன் எல்லாரையும் துவைத்து எடுத்தார். மூன்றாம் நாள் அம்பயர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். ஸ்ட்ரைக்கர் வெளியே. மஸ்கட்காரர் விடவில்லை. இது எந்த விதியில் இருக்கிறது, காட்டு என்று சத்தம் போட்டார். இருங்க, இப்ப எழுதறேன் என்று இவர் பேனாவை எடுத்து, கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியே விட்டார். சபையில் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை இது. நானும் சிரித்தவள்தான். விதி முதலில், ஆட்டம் அப்புறம் என்பது ஊர் வழக்கம். அவரிடம் மட்டும் ஜெயித்தவன் முதலில், விதி அப்புறம்.

அடுத்தது கீபோர்டு. தெருவுக்குத் தெரு கேரல் கோஷ்டி கட்டி வீடு வீடாகப் பாடுவோம். நன்றாகப் பாடிய கோஷ்டிக்குக் கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் பாடுகிற பாக்கியம். ஒரு குடும்பம் குவைத்திலிருந்து கீபோர்டு தருவித்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தது. ஒரு ஆள் வாசித்தால் பத்து ஆள் வாசிப்பது போலக் கேட்டது. தோல் மேளமும் ஜால்ராவும் தவிர வேறெதுவும் கூடாது என்று மறுநாளே கேலண்டர் தாளில் ஏறிவிட்டது. அந்தக் குடும்பம் அதோடு வேறு சபைக்குப் போய்விட்டது. பாட்டி முதல் பேரன் வரை ஒன்பது பேர். அவர்கள் உட்காரும் பெஞ்சு ரொம்ப நாள் காலியாகக் கிடந்தது. இவர் அந்தப் பெஞ்சைக் கடந்துபோய்த்தான் காணிக்கைத் தட்டை வாங்குவார். ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு பேச்சு உண்டு. "ஆட்டம்னா யாரு ஜெயிப்பான்னு தெரியக்கூடாது. தெரிஞ்சிபோச்சா, காயை அள்ளிப் போட்டுப் பையை மூடு." இதை எல்லா இடத்திலும் சொல்வார், தேர்தல் சமயத்தில்கூட.

தனக்கென்று வேறு நியாயம் வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவரே பெரிய கேரம் ஆட்டக்காரர். மூன்று கிறிஸ்துமஸ் தொடர்ந்து ஜெயித்ததும், பட்டியலிலிருந்து தன் பெயரைத் தானே அடித்துவிட்டார். அதன்பிறகு சாகும்வரை கேரம் காயைத் தொடவில்லை. அடக்கத்தன்று சாட்சி சொன்ன ஐந்து பேரில் மூன்று பேர் இதைச் சொன்னார்கள். எனக்கு இது பெருமையாகப் படவில்லை. தன் பெயரை அடிக்கத் துணிந்தவன், ஊரில் யார் பெயரையும் அடிக்கலாம் என்று நினைத்துவிடுகிறான்.

அவர் மகள் ஞாயிறு பள்ளியில் என்னோடு படித்தவள். வசனம் ஒப்பிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு அதிகாரம் முழுவதையும் மூச்சு வாங்காமல் சொல்வாள். பதினொரு வயதில், மேடையேறப் போனவளைக் கையைப் பிடித்து இறக்கி எங்களோடு கீழே உட்காரவைத்தார். மத்த பிள்ளைகளும் பரிசு வாங்கட்டும் என்றார். அந்த வருஷம் பரிசு எனக்கு. டிபன் டப்பா. அவள் அதை வாங்கிப் பார்த்து, மூடியைத் திறந்து மூடிவிட்டு, என்னிடமே கொடுத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பிறகு பெங்களூரில் வேலை, கல்யாணம் என்று போனவள், சித்தூருக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

இப்போது ஆமைக்கு வருகிறேன்.

என் கணவர் குவைத் போனபோது மகளுக்குப் பத்து வயது. முதல் வருஷம் போனில் பேசுவாள். அப்புறம் அவர் என்ன கேட்டாலும் 'ம்' என்பாள். சாப்டியா, ம். படிச்சியா, ம். அவர் ஒரு லீவில் அந்தக் கேம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் வாய் திறந்தது. அந்த ஆட்டத்தில் ஆளாளுக்கு மிருகங்களைப் பிடித்து வளர்த்து, ஆறு மிருகங்களோடு சண்டைக்கு வர வேண்டும். கடைசியில் யாருடைய மிருகம் நிற்கிறதோ அவர்தான் ஜெயித்தவர். என் கணவரும் அங்கே தனக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அப்பனும் மகளும் மிருகங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நைனா, அதுக்கு நெருப்பு ஆவாது நைனா என்று அவள் சொல்வது சமையலறைக்குக் கேட்கும். எனக்கு ஒன்றும் புரியாது. கேட்டுக்கொண்டே சோறு வடிப்பேன்.

அந்த நீல ஆமையை அங்கே ஏதோ ஒரு கடையில் ஒரு வாரம் மட்டும்தான் கொடுத்தார்களாம். ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் வரிசையில் நின்று ஒரு கேம் அட்டையில் ஏற்றி வாங்கி, அந்த அட்டையை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். மகள் அதற்குக் கல்லு என்று பெயர் வைத்தாள். எதிரி அடிக்கிற ஒவ்வொரு அடியிலும் பாதி எதிரிக்கே திரும்பிவிடும். அடிக்க அடிக்க அடித்தவனே விழுவான். அம்பயர் அண்ணன் கடையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நடக்கும் போட்டியில் பதினொரு வாரம் தொடர்ந்து இவள்தான் ஜெயித்தாள். ஒவ்வொரு ஜெயத்தையும் குவைத்துக்குச் சொல்வாள். திருப்பதிப் போட்டியை வெள்ளிக்கிழமை வைத்ததே அம்பயர் அண்ணன்தான். பாதிப் பிள்ளைகளின் அப்பன்மார் வளைகுடாவில் இருக்கிறார்கள், அவர்களும் பார்க்கட்டும் என்று வைத்தார். அந்தக் கரிசனத்தை எண்ணி அந்த வாரம் முழுவதும் அவரை மெச்சிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவர்தான் மூன்று இருபதுக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

போன வாரம் வரைக்கும் ஆடிய ஆமை, இன்றைக்கு என்ன வந்தது என்று நான் கேட்டேன். அறிவிப்புப் பலகையில் இரண்டு ஞாயிறு ஒட்டியிருந்தேன், யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை, இன்று முதல் விதி நடப்புக்கு வருகிறது என்றார்.

"எந்தப் பலகை, அண்ணா?"

"சோத்துக்கைப் பக்கம் இருக்கறது, சிஸ்டர்."

எங்கள் ஆலய வாசலில் இரண்டு பலகைகள். பீச்சாங்கைப் பக்கம் தமிழ், சோற்றுக்கைப் பக்கம் தெலுங்கு. ஏழு மணிக்குத் தமிழ் ஆராதனை, ஒன்பது மணிக்குத் தெலுங்கு ஆராதனை. விளையாட்டுச் சமாசாரம் எதையும் தமிழ்ப் பலகையில் ஒட்டக்கூடாது என்று எங்கள் மூப்பர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அதனால் அவர் தெலுங்கில் எழுதித் தெலுங்குப் பலகையில் ஒட்டிவிட்டு, தன் கடமை முடிந்தது என்று போயிருக்கிறார். எனக்குத் தெலுங்கு நன்றாகவே வாசிக்க வரும். ஆபீசில் பாதி வேலை தெலுங்கில்தான். ஆனால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் சோற்றுக்கைப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. எட்டரைக்கெல்லாம் இட்லிக்கு வீட்டில் இருப்போம்.

எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல்தான். அது அப்போது எனக்குத் தெரியவில்லை. மொத்தத்தையும் அவர் மேல் கொட்டினேன்.

நான் மாம்பழக்கூழ் ஆலையில் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். விதி என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். இனிப்பு குறைந்தால் லோடு லோடாகத் திருப்பி அனுப்புவோம். இனிப்பு அதிகம் என்று பழத்தைத் திருப்பி அனுப்பிய ஆளை உங்களைத் தவிர நான் பார்த்ததில்லை என்றேன். கூடத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது.

அவர் குரலை உயர்த்தவில்லை. கடைப் போட்டிக்கு இருபது பிள்ளைகள் வந்த இடத்தில் இப்போது ஏழு பேர் வருகிறார்கள் என்றார். ஆமை திரையில் தெரிந்ததும் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போகிறார்கள் என்றார். எனக்கு இது தெரியாது. பிள்ளைகள் பொறாமையில் வராமல் இருக்கிறார்கள் என்று மகள் சொன்னதை நம்பியிருந்தேன்.

"அவங்க நைனா வெயில்ல நின்னு வாங்கி அனுப்பினது அண்ணா அது. திருடிக்கினு வரல."

"அதைத்தான் நானும் சொல்றேன், சிஸ்டர். நைனா குவைத்துல இருந்தாத்தான் ஆமை. இதோ இந்தப் புள்ளையோட நைனா மாங்கா மண்டில மூட்டை தூக்கறாரு. இது எங்க போயி வாங்கும்?"

கங்காதர நெல்லூர்ப் பெண்ணைக் கையால் காட்டிச் சொன்னார். அவள் பெட்டி இரவல் பெட்டி, ஓரம் உடைந்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அத்தனை பேரும் அந்த ரப்பர் பேண்டைப் பார்த்தார்கள். அவள் தலையை நிமிர்த்தவில்லை. கண்ணாடி இல்லாத அவருக்கு அதுவும் தெரிந்திருக்காது.

"இவ நைனா ஊர்ல இல்லாததுக்கு இவளுக்குக் கெடைச்சது இது ஒண்ணுதான்" என்றேன். "அதையும் புடுங்கிக்கினீங்க. உங்க பொண்ணு ஏன் ஊருக்கே வர்றதில்லன்னு என்னைக்காவது யோசிச்சிப் பாத்தீங்களா?"

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். தீர்ப்புச் சொன்ன பிறகு கண்ணாடி போட்டு அவர் யாரையும் பார்த்ததை நான் கண்டதில்லை. மேசைமேல் மல்லாந்து கிடந்த போனிலிருந்து என் கணவர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "பாப்பா எங்க? எனக்கு ஃபேனுதான் தெரியுது. பாப்பா எங்க?"

திரும்பினேன். நாற்காலி காலி.

எதிர் நாற்காலியும் காலி. அந்தப் பெண் அவமானப்பட்டு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவளைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

என் மகளிடம் போன் கிடையாது. போன் என் கையில். கழிப்பறை, மாடிப்படி, வாசல் எல்லாம் பார்த்தோம், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். வெளியே சாலையில் மொட்டையடித்த தலைகளும் மஞ்சள் துணிகளும் ஆறு மாதிரி ஓடின. அவளும் மஞ்சள் சுடிதார். அந்தக் கூட்டத்தில் மஞ்சளை எங்கே தேடுவது? பஸ் நிலையத்துக்கு ஓடினேன். போலீஸ் பூத்தில் இருந்தவர் தெலுங்கில் உயரம் கேட்டார், அடையாளம் கேட்டார், கோபித்துக்கொண்டு போனாளா என்று கேட்டார். அவள் கோபத்தில் போனாளா, வெட்கத்தில் போனாளா என்று எனக்கே தெரியவில்லை. மைக்கில் இரண்டு மொழியிலும் அவள் பெயரைச் சொன்னார்கள். அவள் பெயர் அத்தனை பேருக்கு நடுவில் யாரோ ஒருத்தியின் பெயரைப் போல ஒலித்தது. மகள் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். அவள் போன் எடுக்க ஐந்து நிமிடம் தாமதித்தால் எனக்கு அந்த மைக் சத்தம் கேட்கிறது.

அம்பயர் அண்ணன் போட்டியை நிறுத்திவிட்டார். மஞ்சள் சுடிதார் பெண் ஒருத்தி திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் ஏறியதைப் பார்த்ததாக யாரோ சொல்ல, அந்தச் சாலை முழுவதையும் அலசியிருக்கிறார். லாட்ஜ் லாட்ஜாகப் போய்க் கேட்டிருக்கிறார். குளத்தங்கரையில் போய் நின்றிருக்கிறார். ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது காலில் செருப்பு இல்லை. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் கூடத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். குவைத்திலிருந்து இருபதாவது தடவையோ முப்பதாவது தடவையோ போன் வந்தது. எடுக்காமல் மடியில் கவிழ்த்து வைத்தேன்.

அவர் இரண்டு படி தள்ளி நின்றார். தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்தார். அப்புறம் சொன்னார்.

"தமிழ் போர்டுலயும் ஒட்டியிருக்கணும், சிஸ்டர். மூப்பருங்க கிழிச்சாலும் ஒட்டியிருக்கணும். தப்புதான்."

நான் தலையாட்டினேன். அதோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கே அவரை மன்னித்திருப்பேன்.

"ஆனா ஆமை வெளியதான்" என்றார்.

பெற்ற பிள்ளையைக் காணாமல் படியில் உட்கார்ந்திருக்கிறவளிடம் ஒருவர் சொல்கிற வார்த்தை அது. அவரால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெறுங்காலோடு என் பிள்ளையைத் தேடியதும் அந்த ஆள்தான், இதைச் சொன்னதும் அந்த ஆள்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இன்றுவரை முடியவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் மேல் எறியக் கை போனது. உண்மையாகவே போனது.

ஆறு முப்பது இருக்கும். பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்திலிருந்து யாரோ ஓடிவருகிற சத்தம். எழுந்தேன். வந்தது என் மகள் இல்லை. கங்காதர நெல்லூர்ப் பெண். மூச்சு வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். கையில் ரப்பர் பேண்டு போட்ட பெட்டி, திரை இருண்டு கிடந்தது.

"ஆன்ட்டி, சார்ஜர் உங்க பையில இருக்குதாமே? அவ வாங்கியாரச் சொன்னா. பின்னால ஸ்கூல் பஸ்ஸுல உக்காந்துகினு ஆடிக்கினு இருக்கறோம்."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அம்பயர் அண்ணன்தான் கேட்டார். "ஆமையோடயா?"

"ஆமா சார். நான்தான் எறக்கச் சொன்னேன். மூணு தபா தோத்துட்டா. நான் அதை அடிக்கவே இல்ல சார், சும்மா தடுத்துக்கினு இருந்தேன். கொஞ்ச நேரத்துல அது தானே சோர்ந்து பூடுது." பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "சீக்கிரம் குடுங்க ஆன்ட்டி. நீங்க கூப்ட்டது எங்களுக்குக் கேட்டுச்சி. தோத்துட்டு வெளிய வரமாட்டேன்னுட்டா."